கரை நடந்தவர்கள் – 9: பங்குனி ஆமையின் கணக்கு

சென்ற இதழில் கிண்டி பாம்புப் பண்ணையின் கதையையும், பாம்புத்தோல் வணிகம் நின்றுபோன பிறகு இருளர்கள் 1978-இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டதையும் பார்த்தோம். அதே பண்ணையில், அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் தொடங்கியது. அதற்குப் பாம்பு பிடிக்கும் திறமை தேவையில்லை. இரவு முழுவதும் மணலில் நடக்கத் தெம்பும், விடிந்ததும் பார்த்ததை நோட்டில் எழுதிவைக்கும் ஒழுங்கும் இருந்தால் போதும். தமிழகக் கடற்கரையில் கடலாமை ஆய்வு தொடங்கியது அப்படித்தான்.

1970களின் தொடக்கத்தில், அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டித் தெற்கே போனால் சென்னை நகரம் சீக்கிரமே முடிந்துவிடும். திருவான்மியூருக்கு அப்பால் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள், மணல் மேடுகள். கரையில் விளக்கு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. தை பிறந்ததும் அந்த இருட்டில் ஆமைகள் கரையேறத் தொடங்கும். பங்குனி வரை வரும். மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்றார்கள். ஆய்வாளர்கள் ஆலிவ் ரிட்லி என்றார்கள். ஓட்டின் நீளம் அறுபது, எழுபது சென்டிமீட்டர். எடை நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். கடலாமைகளில் இது சிறிய இனம்தான்.

பெண் ஆமை அலை தொடாத மேட்டு மணலுக்கு ஏறி வரும். பின்துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளி, ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்குக் குடுவை வடிவில் ஒரு குழி பறிக்கும். அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இடும். குழியை மூடியதும் உடம்பை இருபுறமும் மாற்றி மாற்றி ஆட்டி, அடிவயிற்று ஓட்டால் மணலைத் தட்டி இறுக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடும். எல்லாமே சுமார் ஒரு மணி நேர வேலை. ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளிவரும். தாய் அங்கே இருக்காது.

இவை எதுவும் குப்பத்து மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. நம் கடலில் உலவும் ஐந்து வகை ஆமைகளையும் அவர்கள் பேர் பேராகப் பிரித்து அறிந்திருந்தார்கள்: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை. மன்னார் வளைகுடாவில் பேராமை இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. உயிருடன் இலங்கைக்கும் ஏற்றுமதியானது. மண்டபம், கிருசடைத் தீவுப் பக்கத்து ஆமைப் பிடிப்பைப் பற்றி மீன்வளத் துறையினர் எழுதிய கட்டுரைகளும் இருந்தன. ஆனால் அவை ஆமையைப் பிடிபடும் பொருளாகப் பார்த்த எழுத்துகள். எந்தக் கரையில் எத்தனை ஆமை முட்டையிடுகிறது, அந்த முட்டைகளில் எத்தனை பிழைக்கின்றன என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கைத் தேடித்தான் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அங்கே அவருடன் இருந்த வள்ளியப்பனும் இரவுகளில் நடக்கத் தொடங்கினார்கள். சென்னைக்குத் தெற்கே கடலோரமாகப் பல மைல் தூரம் நடந்து, கண்ட தடங்களையும் கூடுகளையும் பதிவு செய்தார்கள். சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகள் பற்றி அவர்கள் இருவரும் எழுதிய சிறு அறிக்கை 1974-இல் பாம்புப் பண்ணை அறக்கட்டளையின் வெளியீடாக வந்தது. ஆராய்ச்சிப் பட்டமோ அரசு நிதியோ இல்லாதவர்கள் எழுதிய அந்தச் சில பக்கங்கள்தான் இந்தக் கரையின் ஆமைகளுக்கு முதல் பேரேடு.

இரவு நடைக்கு ஒரு முறை உண்டு. அலை விளிம்புக்குச் சற்று மேலே, ஈர மணலை ஒட்டி நடப்பார்கள். டார்ச் விளக்கைத் தேவையில்லாமல் அடிக்க மாட்டார்கள். வெளிச்சத்தைக் கண்டால் கரையேறும் ஆமை திரும்பிவிடும். நட்சத்திர வெளிச்சத்திலேயே தடம் தெரிந்துவிடும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி நடப்பதால் அதன் தடத்தில் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தள்ளி விழும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றித் தவ்வுவதால் அதன் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். தடத்தைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே ஒரு குச்சியைப் பக்குவமாக இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் தட்டுத் தடுமாறும் குச்சி, முட்டைக் குழிக்கு மேலே சட்டென்று வழுக்கி இறங்கும். அதற்கு மேல் கைதான் கருவி.

இதே வித்தையை இன்னொரு கூட்டமும் அறிந்திருந்தது. முட்டை எடுப்பவர்கள் அதே இரவில், அதே கரையில், அதே தடத்தைத் தேடி நடந்தார்கள். ஆமை முட்டைக்கு அப்போது விலை இருந்தது. அவர்கள் விட்டுவைத்ததை நாயும் நரியும் தோண்டின. முதல் பருவங்களிலேயே நடந்தவர்களுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: காலையில் எண்ணிப் பார்த்தால் குழிகள் இருக்கின்றன, முட்டைகள் இல்லை. கூட்டைக் கண்டுபிடித்துக் குறித்துவைத்துவிட்டு வருவது, அதைத் திருடனுக்கு அடையாளம் காட்டிவிட்டு வருவதற்குச் சமமாக இருந்தது.

அதனால்தான் எண்ண வந்தவர்கள் காக்கவும் வேண்டியதாயிற்று. 1974-இல் பாம்புப் பண்ணை அறக்கட்டளை கடற்கரையில் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தது. இந்தியாவில் கடலாமைக்காக ஏற்பட்ட முன்னோடிப் பொரிப்பகங்களில் அது ஒன்று. வேலியடைத்த ஒரு துண்டு மணல். அதற்குள் வரிசையாகக் குழிகள். இரவில் கண்டெடுத்த முட்டைகளைப் பையில் வைத்து, குலுக்காமல், புரட்டாமல் கொண்டுவந்து, தாய் பறித்த அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி பறித்துப் புதைப்பார்கள். பிங்பாங் பந்து போன்ற அந்த முட்டைகளை இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்கும். அதன்பின் அசைத்தால் செத்துவிடும். விடிவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

அதே 1974-ஐ ஒட்டி, வடக்கே ஒடிசாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதலைகளைப் பற்றி ஆலோசனை சொல்ல ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அனுப்பியிருந்த பஸ்டர்டு என்ற ஆய்வாளர், கஹிர்மாதாக் கரையில் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில், ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடுவதை அறிவியல் உலகுக்குத் தெரிவித்தார். உலகின் மிகப் பெரிய ஆமைக் கூட்டங்களில் ஒன்று இங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்த ஊர் மக்களுக்கு அதுவும் பழைய செய்திதான். பின்னர் 1981-இல் தேவி ஆற்று முகத்துவாரமும், 1994-இல் ருஷிகுல்யாவும் இப்படிக் கூட்டமாக முட்டையிடும் கரைகளின் பட்டியலில் சேர்ந்தன.

அங்கே அப்படி லட்சக்கணக்கில் வரும்போது சென்னையில் ஓரிரவுக்கு இரண்டும் மூன்றுமாகக் கரையேறும் ஆமைகளுக்காக இத்தனை பாடு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைப் பிறகு பார்ப்போம்.

அந்த நாட்களில் இரவு நடைக்கு வந்தவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, வகுப்பைவிடக் கடலிலேயே அதிக நேரம் கழித்த ஓர் இளைஞர் இருந்தார். பெயர் சதீஷ் பாஸ்கர். ஊர் கேரளத்தின் செறாய். படிப்பை முடிக்காமலேயே பாம்புப் பண்ணையில் கள அலுவலராகச் சேர்ந்தார். சென்னைக்குத் தெற்கே உள்ள கரை தெரிந்துவிட்டது. இந்தியாவின் மற்ற கரைகள்? அந்தக் கேள்விக்கு விடை தேடி அவர் போனார். 1977-இல் லட்சத்தீவு. 1978-இலிருந்து அந்தமான், நிக்கோபார். பிறகு குஜராத். பெரும்பாலும் தனி ஆளாக, கால்நடையாக.

லட்சத்தீவில் பேராமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். ஆளில்லாத சுஹேலித் தீவுக்கு எந்தப் படகும் போகாது. போனால் மழை முடியும் வரை திரும்ப முடியாது. சதீஷ் இதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்று முடிவு செய்தார். 1982 மே மாதம், மழை தொடங்குவதற்கு முன்பே சுஹேலி வலியகரைக்குப் போய் இறங்கிவிட்டார். பருவமழை முழுவதும் ஐந்து மாதம் அங்கே தன்னந்தனியாக இருந்து ஆமைகளை எண்ணினார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஜூலை மாதம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். இருபத்து நான்கு நாள் கழித்து அது ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தாண்டி இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தம் கடிதம் ஒன்றுடன் சேர்த்து உரிய முகவரிக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார்.

இந்தப் புட்டிக் கடிதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லத் தக்க கதைதான். ஆனால் சதீஷ் விட்டுப்போன சொத்து வேறு. அந்தமானில் எந்தத் தீவில் அழுங்காமை முட்டையிடுகிறது, பெரிய நிக்கோபாரின் எந்தக் கரையில் ஏழுவரி ஆமை ஏறுகிறது, எந்தக் கரையை நாயும் பன்றியும் தோண்டுகின்றன என்று கரைக்குக் கரை, தீவுக்குத் தீவு அவர் எழுதிய அறிக்கைகள். அவருக்கு முன் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஏழுவரி ஆமை உலகின் மிகப் பெரிய கடலாமை. இந்தியாவில் அது ஓரளவு எண்ணிக்கையில் முட்டையிடுவது அந்தமான் நிக்கோபார் தீவுகளில்தான். 1984, 85 வாக்கில் அவர் இந்தோனேசியாவின் நியூ கினிக் கரைக்குப் போய் அங்கே பல நூறு ஏழுவரி ஆமைகளுக்கு அடையாள வில்லை பொருத்தினார். 2023-இல் மறைந்தார்.

அந்த அறிக்கைகள் இன்றைக்கும் எதற்குப் பயன்படுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவைத் துறைமுகம் கட்டுவதற்காக, வனவிலங்குச் சரணாலயப் பட்டியலிலிருந்து 2021 ஜனவரியில் நீக்கினார்கள். அந்தக் கரை ஏழுவரி ஆமைக்கு எவ்வளவு முக்கியம் என்று வழக்காடுபவர்கள் கையிலெடுக்கும் முதல் ஆதாரங்களில் சதீஷின் பழைய எண்ணிக்கையும் ஒன்று. ஓர் இடத்தில் என்ன இருந்தது என்று எழுதிவைத்தவர் இல்லாவிட்டால், அங்கே எதையும் இழக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம்.

சதீஷுக்கு அடுத்து இந்தப் பேரேட்டில் வரவேண்டிய பெயர் விஜயா. சென்னையில் கல்லூரி மாணவியாக இருந்தபோதே பாம்புப் பண்ணைக்குத் தொண்டராக வந்தவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று பின்னாளில் அறியப்பட்டவர். அவர் போனது கரைக்கல்ல, சந்தைக்கு. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் திகா கடற்கரையில் பங்குனி ஆமைகள் இறைச்சிக்காகக் குவியல் குவியலாகக் கொண்டுவரப்பட்டு, கல்கத்தாச் சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1977-இலேயே கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகரான இடத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. சட்டம் இருந்தது, சந்தையும் இருந்தது. விஜயா அங்கே நின்று எண்ணினார், படமெடுத்தார். அந்தப் படங்கள் இந்தியா டுடே இதழில் வந்தன. பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டுக் கடலோரக் காவல் படையை ஆமைப் பாதுகாப்பில் இறக்கியதற்கு அந்தச் செய்தி ஒரு காரணம்.

1982-இல் விஜயாவே கேரளத்தின் சாலக்குடிக் காடுகளில், காடர் பழங்குடியினரின் துணையுடன், பல பத்தாண்டுகளாக ஆய்வாளர் யார் கண்ணிலும் படாத பிரம்பு ஆமையை மீண்டும் கண்டுபிடித்தார். 1987-இல், முப்பது வயது நிறையும் முன்பே, இறந்துபோனார். 2006-இல் அந்தக் காட்டாமையின் பேரினத்துக்கு அவர் பெயரையே வைத்து விஜயகெலிஸ் என்றார்கள்.

இதற்கிடையே சென்னைக் கரையின் பொரிப்பகம் கை மாறிக்கொண்டிருந்தது. 1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் தன் பொரிப்பகத்தைத் தொடங்கியது. ஈ. ஜி. சைலாஸ், எம். ராஜகோபாலன் போன்றோரின் முயற்சியில் ஆமை ஆய்வு அரசு நிறுவனங்களுக்குள் வந்தது. 1982-இலிருந்து தமிழ்நாடு வனத்துறை பொறுப்பேற்றது. 1984 பிப்ரவரியில் சென்னையில் கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஒரு பயிலரங்கு நடந்தது. நாட்டின் கரைகளைப் பற்றி அதுவரை தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு தொகுப்பாயிற்று.

இந்தக் காலத்தில்தான் பொரிப்பகங்களுக்கு ஓர் அதிர்ச்சியும் வந்தது. கடலாமையின் முட்டையில் ஆண், பெண் என்பது கருவுறும்போதே முடிவாவதில்லை. முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறது என்று ம்ரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற இருவர் 1980-இல் எடுத்துக்காட்டினார்கள். சுமார் 29, 30 டிகிரியை ஒட்டி ஒரு நடுக்கோடு. அதற்கு மேலே வெப்பம் ஏறினால் பெண் குஞ்சு அதிகம். இறங்கினால் ஆண் அதிகம். முட்டையை நிழலில் வைத்தாலும், வேறு மணலில் வைத்தாலும், ஆழம் குறைத்து வைத்தாலும் ஆண் பெண் விகிதமே புரண்டுவிடும். உலகமெங்கும் நல்ல எண்ணத்தோடு முட்டைகளைப் பெட்டியிலும் பந்தலிலும் வைத்துப் பொரித்தவர்கள், தாங்கள் ஒரே பாலினத்தைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தோமோ என்று திகைத்தார்கள். அன்றுமுதல் நல்ல பொரிப்பகத்துக்கு இலக்கணம் மாறியது: இயற்கைக் கூட்டுக்கு அருகிலேயே, அதே மணலில், அதே ஆழத்தில். கூடு இருந்த இடத்திலேயே பாதுகாக்க முடிந்தால் அதுவே மேல். சென்னையில் நாயும் மனிதரும் விளக்கும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1988-இல் மாணவர்கள் வந்தார்கள். வனத்துறையின் பணி தொய்ந்த நிலையில், கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய அலுவலகமோ சம்பளப் பட்டியலோ இல்லாத அந்த அமைப்பு இன்றும் பருவம் தவறாமல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறது. தொடங்கியவர்கள் படிப்பு முடிந்து போனார்கள். அடுத்த மாணவர்கள் வந்தார்கள். சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களையும் நடைக்கு அழைத்துப் போனார்கள். சென்னையில் ஆமையைப் பற்றி ஒரு தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நடைகளில் தெரிந்துகொண்டதுதான் என்றால் மிகையில்லை.

வருடந்தோறும் ஒரே கரையில், ஒரே முறையில், ஒரே பருவத்தில் எடுத்த கணக்குக்கு ஒரு குணம் உண்டு. அது நாம் கேட்காத கேள்விக்கும் விடை சொல்லத் தொடங்கும். முதலில் கேட்ட கேள்வி, முட்டையை யார் எடுக்கிறார் என்பது. அதற்கு விடை சுலபமாகக் கிடைத்தது; பொரிப்பகமும் கண்காணிப்பும் அதை வெகுவாகக் குறைத்தன. பிறகு நகரம் தெற்கே வளர்ந்தது. கரையில் விளக்குகள் வந்தன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். ஆதிகாலம் தொட்டு அந்தப் பக்கம் கடலாகவே இருந்தது. இப்போது அது தெருவாகிவிட்டது. காலையில் சாலையோரம் நசுங்கிக் கிடந்த குஞ்சுகளை எண்ணியவர்கள் பேரேட்டில் இரண்டாவது குற்றவாளியை எழுதினார்கள்.

மூன்றாவது குற்றவாளி கரையில் இல்லை. முட்டையிட வரும் ஆமைகளை எண்ணப் போனவர்கள், செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். வெட்டுக் காயம் இல்லை, நோய்க்கு அடையாளம் இல்லை. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி வளர்ந்த ஆமைகள். ஆமை மூச்சு விடும் உயிர். நேரத்துக்கு நேரம் மேலே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் கடலடியில் இழுபடும்போது உள்ளே சிக்கும் ஆமை மூச்சு முட்டிச் சாகிறது. முட்டையிட வரும் பருவத்தில் ஆமைகள் கரையோரக் கடலில் கூடுவதும், இழுவலைகள் அதே நீரில் உழுவதும் ஒன்றாக நடக்கின்றன.

இந்த இடத்தில் கணக்கு கசக்கத் தொடங்கியது. ஒரு முட்டை வளர்ந்த ஆமையாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அப்படியானால் வலையில் செத்த ஒரு தாய் ஆமைக்கு ஈடுகட்ட எத்தனை கூடுகளைக் காப்பாற்ற வேண்டும்? விடிய விடிய நடந்து ஒரு பருவத்தில் காப்பாற்றியதை ஒரு வாரத்து இழுவலை அழித்துவிட முடியும். பொரிப்பகத்தின் வேலியோரம் நின்று குஞ்சுகளை விடும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். படமெடுக்கலாம், குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். ஆனால் ஆமையின் கதி முடிவாவது அந்த வேலியிலிருந்து சில மைல் கிழக்கே.

அங்கே எதிரில் நிற்பவர் முட்டைத் திருடர் அல்ல. கடன் வாங்கிப் படகு வாங்கியவர், அதில் கூலிக்குப் போகிறவர், இறால் ஏற்றுமதி செய்பவர். வலையின் பின்பகுதியில் கம்பிச் சட்டம் பொருத்தி, மீனையும் இறாலையும் உள்ளே விட்டு ஆமையை மட்டும் வெளியே தள்ளும் ஒரு கருவி உண்டு. ஆமை விலக்குக் கருவி என்பார்கள். அதைப் பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்க மாட்டோம் என்று 1996-இல் அமெரிக்கா தடை போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் வந்த தீர்ப்பு, அமெரிக்கா அந்தத் தடையை நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது என்றது. அதே சமயம், அழியும் உயிரைக் காக்க வணிகத்தில் கட்டுப்பாடு வைப்பதற்கு இடமுண்டு என்றும் சொன்னது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற கருவியை உருவாக்கியது. ஆமையோடு கொஞ்சம் மீனும் வெளியே போய்விடும் என்பது படகுக்காரர் குறை. ஆய்வகத்தில் தீர்ந்த பிரச்சினை படகில் தீரவில்லை.

கடலோரத்தில் இயந்திரப் படகுகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வரக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. நாட்டுப்படகு மீனவர்களைக் காக்க வந்த விதி அது. ஆமைக்கும் அதுவே காப்பு. இரண்டு தரப்புக்கும் எதிரி ஒன்று என்பதைப் புரிந்துகொண்டவர்கள், குப்பத்து இளைஞர்களை ஆமைக் காவலர்களாகச் சேர்த்தார்கள். 2002-இல் சுப்ரஜா தாரிணி நீலாங்கரையில் தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை அந்த வழியில் போனது. 2001-இலிருந்து மீன்வளம் பெருக ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. 2017-இல் அது 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்டது. ஆனால் ஆமைகள் கூடும் தை, மாசி மாதங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

இனி, தள்ளிவைத்த அந்தக் கேள்விக்கு வருவோம். ஒடிசாவில் லட்சங்கள் இருக்கும்போது சென்னையின் சில நூறு கூடுகள் எதற்கு? 1988-இல் மாணவராக இந்தக் கரையில் நடந்தவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்பாடு ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆமைகளின் மரபணுவை ஆராய்ந்தார். 2004-இல் வெளியான அந்த முடிவுகள் இரண்டு செய்திகளைச் சொல்லின. கிழக்குக் கரையில் கூட்டமாக முட்டையிடும் ஆமைக்கும் தனியாக முட்டையிடும் ஆமைக்கும் மரபணுவில் பிரிவு இல்லை; எல்லாம் ஒரே குடி. இரண்டாவது, இந்தியக் கரையின் பங்குனி ஆமைகள் உலகின் மற்ற பகுதி ஆமைகளைவிடத் தொன்மையான மரபைச் சேர்ந்தவை. பிற கடல்களின் கூட்டங்கள் இங்கிருந்து கிளைத்திருக்கக் கூடும். ஒடிசாவில் வில்லை பொருத்திய ஆமைகள் தென் தமிழகக் கடலிலும் இலங்கையிலும் கிடைத்ததும் இதோடு பொருந்தியது. நீலாங்கரைக்கு எதிரே வலையில் சாகும் ஆமை, கஹிர்மாதாவின் ஆமையாகவும் இருக்கலாம்.

அதற்குச் சற்று முன், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மத்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நாட்டின் கடலோர மாநிலங்களில் ஆமைக் கணக்கெடுப்பு நடத்தின. தமிழகக் கரையை நடந்தது ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் எஸ். பூபதியின் குழு. சென்னைக்கு வெளியே, குறிப்பாக நாகப்பட்டினக் கரையில், ஆமைகள் நல்ல எண்ணிக்கையில் முட்டையிடுவது அந்த ஆய்வில் பதிவானது. ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் ஆழ்ந்த புலமை கொண்ட பூபதி, 2014-இல் அகத்திய மலைப் பகுதியில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. பழைய ஆண்டுகளிலும் சடலங்கள் ஒதுங்கியதுண்டு. இந்த அளவு இல்லை என்று உடனே சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், ஆண்டுதோறும் யாரோ நடந்து எண்ணி எழுதிவைத்திருந்ததுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் சென்னை உயர் நீதிமன்றமும் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டன. விசைப்படகுகள் விதிக்கப்பட்ட எல்லைக்குள் வந்தனவா என்பது அங்கே பேச்சாயிற்று. 1973-இல் முட்டை யாருக்குப் போகிறது என்று பார்க்க நடக்கத் தொடங்கியவர்கள், ஐம்பது ஆண்டுக்குப் பின் நீதிமன்றத்தில் கடல் மீன்பிடிச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கணக்கு அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பொரிப்பகங்கள் இனியும் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை குஞ்சுகளைக் கடலில் விட்டோம் என்ற எண்ணை மட்டும் வெற்றிக் கணக்காக அறிவிப்பது போதாது. அதே பருவத்தில் எத்தனை தாய் ஆமைகள் செத்தன, எத்தனை படகுகள் எல்லை மீறின, எத்தனை வலைகளில் விலக்குக் கருவி இருந்தது என்ற எண்களையும் அதே பக்கத்தில் எழுதினால்தான் அது முழுக் கணக்காகும். கரையில் நடந்தவர்கள் தங்கள் பாதிப் பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறு பாதியை எழுத வேண்டியவர்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில்: 1976-இல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையும், ஆற்றிலிருந்து மறைந்துகொண்டிருந்த சதுப்பு முதலைகளும்.

(தொடரும்)